சாதுவாக நிற்கும் குதிரை சம்மதித்துத்தான் நிற்கிறதா?

வாசகர் கேள்வி – பதில்

குதிரைகளைப் பழக்குவதிலும் வளர்ப்பதிலும் நெடுங்காலமாகக் கையாளப்பட்டு வரும் முறைகள் இன்று உலகெங்கும் கேள்விக்கு உள்ளாகியிருப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். பலர் ஒன்றையே கேட்டிருந்த இடங்களில் அவற்றைச் சேர்த்து ஒரே கேள்வியாக்கியிருக்கிறேன்.

கேள்வி: மனிதன் குதிரையைப் பழக்கத் தொடங்கி நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. இத்தனை தலைமுறைகளுக்குத் தெரியாத எதை இப்போது புதிதாகக் கண்டுபிடித்துவிட்டார்கள்? பழைய முறைகள் எல்லாமே கொடுமை என்று பேசுவது முன்னோரை அவமதிப்பது ஆகாதா?

பழைய முறைகள் எல்லாமே கொடுமை என்று விஷயம் தெரிந்த எவரும் சொல்வதில்லை. குதிரையேற்றத்தில் ஒரே மரபு என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை என்பதை முதலில் நினைவில் கொள்ளுங்கள். கிறிஸ்துவுக்கு முன் 4ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஏதென்ஸ் நகரத்துப் படைத்தலைவர் செனபோன், கட்டாயத்துக்கு அஞ்சிக் குதிரை செய்யும் எதையும் அது புரிந்துகொண்டு செய்வதில்லை என்றும், நடனமாடுகிறவரைச் சவுக்கால் அடித்து ஆடவைத்தால் அந்த ஆட்டத்தில் எவ்வளவு அழகு இருக்குமோ அவ்வளவுதான் அதிலும் இருக்கும் என்றும் எழுதிவைத்தார். அவருக்கு ஏறத்தாழ 1,900 ஆண்டுகள் பின்னால் வந்த நேப்பிள்ஸ் நகரத்து ஃபெதெரிகோ கிரிசோனே, 1550இல் வெளியிட்ட தம் நூலில், அடங்காத குதிரைக்குத் தரவேண்டிய முரட்டுத் தண்டனைகளை விரிவாக விவரித்தார். அவருக்கும் பின்னால், பிரெஞ்சு மன்னர் பதின்மூன்றாம் லூயிக்குக் குதிரையேற்றம் கற்பித்த பிளூவினெல் பொறுமையையும் பாராட்டையும் முன்வைத்தார். ஆகவே முன்னோர் என்று யாரைச் சொல்கிறோம் என்பது நாம் யாரைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது. அவர்களுக்குள்ளேயே இந்த வழக்கு நடந்துகொண்டுதான் இருந்தது.

ஒரு காலத்தில் இயல்பாகத் தோன்றியது பிற்காலத்தில் வெட்கத்துக்குரியதாக மாறுவதும் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில், வண்டிக் குதிரைகள் கம்பீரமாகத் தெரியவேண்டும் என்பதற்காக, அவற்றின் தலையைத் தாழ்த்த முடியாதபடி மேல்நோக்கி இழுத்துக் கட்டும் வார் ஒன்றைச் செல்வந்தர்கள் விரும்பிப் பூட்டினார்கள். மேடேறும்போது கழுத்தை நீட்டித் தோளின் பலத்தைச் செலுத்த முடியாமல் அந்தக் குதிரைகள் திணறின. வால் எலும்பை வெட்டிக் குட்டையாக்குவதும் அப்போது நாகரிகமாகவே கருதப்பட்டது. அங்கே அதைத் தடை செய்ய 1949 வரை ஆயிற்று. இவற்றை ஆதரித்தவர்கள் எல்லாரும் குதிரைகளை வெறுத்தவர்கள் அல்லர். தங்கள் குதிரைகளைப் பெயர் சொல்லி அழைத்து, இரவில் லாயத்துக்குச் சென்று தடவிக்கொடுத்துவிட்டு வந்தவர்களும் அவர்களில் உண்டு. குதிரைக்கு நேர்ந்த துன்பங்களில் பெரும்பகுதி அதை நேசித்தவர்கள் கையாலேயே நேர்ந்தது என்பதால்தான், 'என் குதிரைமேல் எனக்கு உயிர்' என்ற பேச்சை நான் ஒரு சான்றாக ஏற்பதில்லை.

இன்று புதிதாக வந்திருப்பவை இரண்டு. ஒன்று, குதிரையின் உடலையும் நடத்தையையும் அளந்து பார்க்கும் ஆய்வு. அதைப் பற்றிப் பின்வரும் பதில்களில் சொல்கிறேன். மற்றொன்று, பார்க்கிறவர்கள் மாறியிருப்பது. போக்குவரத்தும் உழவும் படையும் குதிரையை நம்பியிருந்தவரை, குதிரையைப் பார்த்த பெரும்பாலோர் அதனுடன் வேலை செய்தவர்கள். இப்போது பெரும்பாலோர் திரையில் மட்டுமே பார்க்கிறார்கள். பழகிப்போன கண்ணுக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிகிறது. 2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில், குதிரையேற்றம் உட்பட ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லான் போட்டியின் வீராங்கனை ஒருவருக்குக் குலுக்கலில் கிடைத்த 'செயின்ட் பாய்' என்ற குதிரை தாண்ட மறுத்து நின்றதும், வீராங்கனை அழுதுகொண்டே அதை அடித்ததும், ஜெர்மன் பயிற்சியாளர் வேலிக்கு வெளியிலிருந்து அதைக் கையால் குத்தியதும் உலகம் முழுவதும் ஒளிபரப்பாயின. முன்பின் அறியாத குதிரையுடன் 20 நிமிடம் மட்டுமே பழகிவிட்டுப் போட்டியில் இறங்கவேண்டும் என்ற அந்த விதி பல காலமாக இருந்ததுதான். அது எவ்வளவு பொருத்தமற்றது என்பது அன்றுதான் எல்லாருக்கும் உறைத்தது. 1912 முதல் அந்தப் போட்டியின் பகுதியாக இருந்த குதிரையேற்றம், 2024 பாரிஸ் ஒலிம்பிக்குடன் முடித்துவைக்கப்பட்டது. அதே 2024இல், பயிற்சியின்போது ஒரு குதிரையின் கால்களில் தொடர்ந்து சவுக்கால் அடித்த காணொளி வெளிவந்ததால், பிரிட்டனின் குதிரையேற்ற வீராங்கனை சார்லட் டுஜார்டின் பாரிஸ் போட்டியிலிருந்து விலகினார். பின்னர் ஓராண்டு இடைநீக்கம் செய்யப்பட்டார். மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் வென்றவர், மென்மையான சவாரிக்கு முன்மாதிரியாகப் போற்றப்பட்டவர் என்பதால் அந்தச் செய்தி குதிரைக்காரர்களையே அதிகம் உலுக்கியது.

கேள்வி: குதிரையின் தோல் தடிமனானது, சவுக்கடி அதற்கு ஒரு தட்டல் போலத்தான் என்று என் பயிற்சியாளர் சொல்கிறார். உண்மையா? அடிக்காமல் பந்தயம் ஓட்ட முடியுமா?

ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் அந்த இடத்துத் தோலை மட்டும் சிலிர்த்து அதை விரட்டும் விலங்கு குதிரை. உங்கள் பயிற்சியாளர் அதைத் தினமும் பார்த்திருப்பார். இருந்தாலும் இந்த வாதம் நீண்ட நாள் உயிரோடு இருந்ததால், சிட்னி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதத் தோலையும் குதிரைத் தோலையும் நுண்ணோக்கியில் வைத்து ஒப்பிட்டார்கள். 2020இல் வெளியான அந்த ஆய்வின்படி, வலியை உணரும் மேல்தோல் அடுக்கின் தடிமனிலும் அதிலுள்ள நரம்பு முனைகளின் அடர்த்தியிலும் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குதிரைக்குத் தடிமனாக இருப்பது அதற்குக் கீழே உள்ள அடுக்கு. வலி அந்த அடுக்குக்கு மேலேயே உணரப்பட்டுவிடுகிறது.

இரண்டாம் கேள்விக்கும் ஆய்வின் பதில் உண்டு. ஆஸ்திரேலியப் பந்தயங்களை அளந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், ஜாக்கிகள் சவுக்கை மிகுதியாகப் பயன்படுத்திய கடைசிப் பகுதியில் குதிரைகளின் வேகம் கூடவில்லை என்று தெரியவந்தது. அந்தக் கட்டத்தில் அவை ஏற்கெனவே களைத்திருந்தன. களைத்த விலங்கை அடிப்பதில் கற்பித்தல் எதுவும் இல்லை. தன்னால் முடிந்ததைச் செய்துகொண்டிருக்கும்போதே அடி விழுகிறது, எதைச் செய்தால் அது நிற்கும் என்பது குதிரைக்குத் தெரிய வழியில்லை. நார்வே 1982லேயே பந்தயத்தில் சவுக்கடியைத் தடை செய்துவிட்டது. அங்கே பந்தயங்கள் நின்றுவிடவில்லை. பிரிட்டனில் 2023 முதல் சமதளப் பந்தயத்தில் 6 முறை, தடைதாண்டும் பந்தயத்தில் 7 முறை என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். வரம்புக்கு மேல் நான்கு முறையோ அதற்கு மேலோ அடித்தால் குதிரை தகுதி இழக்கும். தீங்கில்லை என்றால் எண்ணிக்கை எதற்கு, தீங்கு என்றால் ஆறு எதற்கு என்று கேட்பவர்கள் பக்கம்தான் என் மனம் சாய்கிறது. பாதுகாப்புக்காகக் கையில் வைத்திருப்பதும் வேகத்துக்காக அடிப்பதும் வேறுவேறு; முன்னதை நான் மறுக்கவில்லை.

குதிரையின் நுண்ணுணர்வுக்குப் பழைய எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை, கணக்குக் கேட்டால் குளம்பால் தட்டி விடை சொல்லிப் பெரும்புகழ் பெற்றது. 1907இல் அதை ஆராய்ந்த ஆஸ்கர் ஃபுங்ஸ்ட், விடை வரும் கணத்தில் கேள்வி கேட்டவரின் தலை தம்மை அறியாமலே மிக லேசாக அசைவதைப் பார்த்துத்தான் குதிரை தட்டுவதை நிறுத்துகிறது என்று காட்டினார். குதிரைக்குக் கணக்குத் தெரியாது என்று சொல்லிச் சிரித்துவிட்டு எல்லாரும் கலைந்தார்கள். மனிதக் கண்ணே தவறவிட்ட அசைவைப் படித்த ஒரு விலங்குக்குக் கட்டளை சொல்லச் சவுக்கு எதற்கு என்று அப்போதே கேட்டிருக்கலாம்.

கேள்வி: என் குதிரை மிகவும் சாது. என்ன செய்தாலும் அசையாமல் நிற்கும். அப்படியானால் அது மகிழ்ச்சியாக இருக்கிறது என்றுதானே பொருள்?

அப்படியும் இருக்கலாம், அதற்கு நேர்மாறாகவும் இருக்கலாம். வேட்டையாடப்படும் விலங்காகப் பரிணமித்த குதிரைக்கு வலியை மறைப்பது பிழைக்கும் வழி; நொண்டுவது வெளியே தெரிந்தால் அது ஓநாயின் கண்ணில் முதலில் படும். இதற்கு மேலும் ஒன்று உண்டு. எதிர்த்தும் விலகியும் பார்த்து, எதனாலும் துன்பம் நிற்காது என்று அறிந்துகொண்ட விலங்கு முயற்சியையே கைவிட்டுவிடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது நல்ல பழக்கமுள்ள குதிரையாகத் தெரியும். ஆனால் அது சுற்றுப்புறத்தில் அக்கறை காட்டாது, காதுகள் ஒலியைத் தேடித் திரும்பாது, கண் வெறிச்சென்று ஒரே இடத்தில் நிலைத்திருக்கும். அமைதியான குதிரை அப்படி இருக்காது. அது கால் மாற்றி ஓய்வெடுக்கும், யாராவது வந்தால் திரும்பிப் பார்க்கும், உதடு தளர்ந்திருக்கும்.

முகத்தைப் படிப்பதற்கு இப்போது முறையான அளவுகோல்கள் இருக்கின்றன. காதுகள் விறைத்துப் பின்னோக்கிச் சாய்வது, கண்ணுக்கு மேலே தசை இறுகிக் கோணம் தெரிவது, தாடைத் தசை புடைப்பது, மூக்குத்துளை இறுகுவது ஆகியவற்றை மதிப்பிட்டு வலியை அறியும் முறை 2014இல் வெளியானது. சவாரியின்போது பார்ப்பதற்கென்று பிரிட்டனைச் சேர்ந்த கால்நடை மருத்துவர் சூ டைசனும் அவருடன் பணியாற்றியவர்களும் 24 நடத்தைகள் கொண்ட ஒரு பட்டியலை உருவாக்கினார்கள். மீண்டும் மீண்டும் வாயைத் திறப்பது, வாலை ஓயாமல் வீசுவது, காதுகளை நெடுநேரம் பின்னே மடக்கி வைத்திருப்பது, சொல்லாமலே நடையை மாற்றுவது, முன்னே போக மறுப்பது ஆகியவை அதில் அடங்கும். எட்டு அல்லது அதற்கு மேற்பட்டவை தென்பட்டால் எலும்பிலோ தசையிலோ வலி இருக்க வாய்ப்பு மிகுதி என்பது அவர்கள் கண்டது. இவற்றில் பலவற்றைத்தான் 'பிடிவாதம்', 'சோம்பல்', 'பெட்டைக்குதிரை அப்படித்தான்' என்று சொல்லி, தலைமுறை தலைமுறையாக அடித்துத் திருத்தப் பார்த்தோம்.

சேணம் போடும்போதே கடிக்க வரும் குதிரை உங்களிடம் இருந்தால், பயிற்சியாளரை அழைப்பதற்கு முன் கால்நடை மருத்துவரை அழையுங்கள். முதுகு, பல், வயிறு, சேணத்தின் பொருத்தம் இந்த நான்கையும் பார்த்து முடித்த பிறகு குணத்தைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: கடிவாளம் போடுவதே வன்முறை என்கிறார்கள் சிலர். வாயில் இரும்பு இல்லாத தலைக்கட்டு போட்டால் போதுமா? மூக்குப்பட்டையை இறுக்கிக் கட்டுவது பற்றியும் சொல்லுங்கள்.

பின்லாந்தில் போட்டி முடிந்து வந்த 261 வண்டிப்பந்தயக் குதிரைகளின் வாயைத் திறந்து பார்த்த ஆய்வில், 84 விழுக்காட்டுக் குதிரைகளுக்குக் கடிவாள இரும்பு படும் இடத்தில் புதிய புண்கள் இருந்தன. இரத்தம் வெளியே தெரிந்தவை மிகச் சில என்பதால், வாயைத் திறக்காமல் யாருக்கும் தெரிந்திருக்காது. கடிவாளம் எல்லாக் கைகளிலும் தீங்கு செய்யும் என்று இதிலிருந்து முடிவுகட்ட முடியாது என்றாலும், தினமும் வாயைப் பார்க்காதவர் தம் கை மென்மையானது என்று சொல்லிக்கொள்ளவும் முடியாது.

இரும்பை எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் அவசர முடிவு. நெம்புகோல் அமைப்புள்ள சில தலைக்கட்டுகள், மூக்கின் மெல்லிய எலும்பின் மேலும் தாடையின் மேலும் கடுமையான அழுத்தம் தரவல்லவை. கருவி எதுவாக இருந்தாலும், குதிரை சரியாகச் செய்த அந்தக் கணத்தில் கை தளர்கிறதா என்பதே முக்கியம். சவாரியில் குதிரை கற்பது பெரும்பாலும் அழுத்தம் விலகுவதிலிருந்துதான். இழுத்த கை தளரவே இல்லையென்றால் அது கற்க எதுவும் இல்லை. குதிகாலால் 'போ' என்றும் லகானால் 'நில்' என்றும் ஒரே நேரத்தில் சொல்லிவிட்டு, குதிரை திமிறுகிறது என்று புகார் சொல்கிறவர்கள் ஏராளம்.

மூக்குப்பட்டை பற்றிய கேள்வி இவற்றைவிட எளிது, ஏனென்றால் அது அளக்கக்கூடியது. மூக்கெலும்பின் மேல், பட்டைக்கு அடியில் பெரியவர் ஒருவரின் இரண்டு விரல்கள் நுழையவேண்டும் என்பது பழைய குதிரையேற்ற நூல்களிலேயே உள்ள அறிவுரை. அயர்லாந்து, இங்கிலாந்து, பெல்ஜியம் ஆகிய நாடுகளின் போட்டிகளில் 750 குதிரைகளைச் சோதித்தபோது, இரண்டு விரல் இடைவெளி இருந்தவை 7 விழுக்காடு மட்டுமே. 44 விழுக்காட்டில் அளவுகோலின் நுனிகூட நுழையவில்லை. இங்கே மரபு சரியாகத்தான் சொல்லியிருந்தது, போட்டியின் வெறியில் நாம்தான் அதைக் கைவிட்டோம். இறுக்கிக் கட்டினால் குதிரை வாய் திறக்காது. வாய் திறக்காவிட்டால் எதிர்ப்பு வெளியே தெரியாது. எதிர்ப்பு தெரியாவிட்டால் மதிப்பெண் கூடும். சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2025 முதல் போட்டிக் கண்காணிப்பாளர்கள் கையில் ஒரே மாதிரியான அளவுகோலைக் கொடுத்திருக்கிறது. விரலின் பருமன் ஆளுக்கு ஆள் மாறும் என்ற சண்டை இனி இல்லை.

குதிரையின் மோவாய் மார்பைத் தொடும் அளவுக்குக் கழுத்தை வளைத்து ஓட்டும் முறையும் இதோடு சேர்ந்ததே. 2010இல் அந்தக் கூட்டமைப்பு, வலுவந்தமாக அப்படி வளைப்பதை ஏற்கமுடியாது என்று அறிவித்தது. ஸ்விட்சர்லாந்து 2014 முதல் சட்டத்தாலேயே தடுத்துவிட்டது. கழுத்தை அப்படி மடக்கும்போது மூச்சுப்பாதை குறுகுகிறது, முன்னால் என்ன இருக்கிறது என்பதும் குதிரைக்குச் சரியாகத் தெரிவதில்லை. நாகரிகத்துக்காகத் தலையை மேலே கட்டிய காலம் போய் மதிப்பெண்ணுக்காகக் கீழே இழுக்கும் காலம் வந்திருக்கிறது.

கேள்வி: நல்ல தானியம், சுத்தமான தனிக் கொட்டடி, தினமும் ஒரு மணி நேரச் சவாரி என எந்தக் குறையும் வைக்கவில்லை. ஆனாலும் என் குதிரை கதவின் விளிம்பைப் பல்லால் கவ்விக் காற்றை விழுங்குகிறது. இந்தக் கெட்ட பழக்கத்தை நிறுத்தக் கழுத்துப்பட்டை போடலாமா? மற்றக் குதிரைகளும் கற்றுக்கொள்ளுமோ என்ற பயமும் இருக்கிறது.

பட்டையை வாங்காதீர்கள். வலியோ நெருக்கடியோ இருப்பதன் அடையாளத்தை மட்டும் அது மறைக்கும். கழற்றியவுடன் குதிரை முன்பைவிட அதிகமாகக் கவ்வத் தொடங்குவதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்ற நம்பிக்கைக்கு உறுதியான சான்று இல்லை. ஒரே லாயத்தில் பல குதிரைகள் இதைச் செய்தால், அவை எல்லாம் ஒரே மாதிரியான வாழ்க்கை வாழ்கின்றன என்பதே பொருத்தமான விளக்கம்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் பெருமையோடு எழுதியிருக்கும் மூன்றையும் குதிரையின் பக்கத்திலிருந்து பார்ப்போம். திறந்தவெளியில் விடப்பட்ட குதிரை ஒரு நாளில் 14 முதல் 16 மணி நேரம் மேய்கிறது. அதன் சிறிய வயிறு, உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். அந்த அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரோ மெல்லும்போது மட்டுமே ஊறும். தானியத்தைச் சில நிமிடங்களில் தின்றுவிட்டு அடுத்த வேளைக்காகப் பல மணி நேரம் காத்திருக்கும் குதிரையின் வயிற்றில் புண் உண்டாவது வியப்பில்லை. பந்தயப் பயிற்சியில் உள்ள குதிரைகளில் பெரும்பாலானவற்றுக்கு இப்புண்கள் இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடுத்து, தனிக் கொட்டடி. கூட்டமாக வாழும் விலங்குக்குத் தனியறை வசதி அன்று. குதிரைகள் நின்றுகொண்டே தூங்கும் என்பது பாதி உண்மைதான், ஆழ்ந்த உறக்கத்துக்கு அவை படுத்தாகவேண்டும். காவலுக்குத் துணை இருந்தால்தான் பல குதிரைகள் நம்பிப் படுக்கின்றன. மூன்றாவதாக, ஒரு மணி நேரச் சவாரி என்றால் மீதி 23 மணி நேரம் நான்கு சுவர்களுக்குள் என்று பொருள்.

ஸ்விட்சர்லாந்தின் விலங்குப் பாதுகாப்பு விதிகள் 2008 முதல், ஒரு குதிரை மற்றொரு குதிரையைப் பார்க்கவும் கேட்கவும் முகரவும் இயலும்படி வைத்திருக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்துகின்றன. நல்ல உணவு, நல்ல கொட்டில் என்பதோடு நின்றுவிடாமல் விலங்கின் மனநிலையையும் நலத்தின் ஒரு கூறாகக் கணக்கில் எடுக்கும் 'ஐந்து களங்கள்' என்ற மதிப்பீட்டு முறை 1994இல் வந்தது. குதிரைத் துறை அதைக் கையில் எடுக்கச் சற்றுத் தாமதமாயிற்று.

செய்யவேண்டியவை: முதலில் வயிற்றுப் புண் உள்ளதா என்று மருத்துவரைக் கொண்டு பாருங்கள். தானியத்தைக் குறைத்து, பச்சைப்புல்லோ உலர்புல்லோ நாள் முழுவதும், இரவிலும்கூட, வாய்க்கு எட்டும்படி வையுங்கள். தீவனத்தைத் திடீரென்று மாற்றினால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், ஓரிரு வாரங்களில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். துணைக்கு மற்றொரு குதிரையை வேலிக்கு அப்பால் சில நாள் பழகவிட்டு, பிறகு ஒன்றாக வெளியில் விடுங்கள். பல ஆண்டுகளாக ஊறிப்போன பழக்கம் முழுவதும் மறையாமல் போகலாம். அப்போதும் குதிரையைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: இரண்டு வயதிலேயே பந்தயத்தில் ஓடவிடுவது எலும்பை நாசமாக்கும் என்கிறார்கள். ஐந்து வயதுவரை ஏறவே கூடாதா?

இரு தரப்பும் பாதியைத்தான் சொல்கின்றன. முன்னங்கால் முட்டிக்கு மேலுள்ள வளர்ச்சித்தட்டு (எலும்பு நீளும் குருத்தெலும்புப் பகுதி) ஏறத்தாழ இரண்டரை வயதில்தான் மூடுகிறது, முதுகெலும்புக்கு ஐந்து வயதுக்கு மேலும் ஆகலாம். அதே வேளையில், இளம் எலும்பு உழைப்புக்கேற்ப உறுதிப்படும் என்பதும், குட்டிப் பருவத்தில் ஓடியாட இடமில்லாமல் அடைத்து வளர்த்த குதிரைக்கு எலும்பு பலவீனமாகும் என்பதும் ஆய்வில் தெளிவானவை. ஆகவே கேடு விளைவிப்பது வயது மட்டும் அன்று. அடைத்து வைத்து, திடீரென்று வெளியே எடுத்து, ஒரே வேகத்தில் ஒரே திசையில் நாள்தோறும் ஓட்டுவதுதான். புல்வெளியில் தன் வயதுக் குட்டிகளோடு வளரட்டும். பந்தய அட்டவணையைக் குதிரையின் வளர்ச்சிக்கேற்ப வகுக்காமல் பரிசுத்தொகைக்கேற்ப வகுப்பதை என்னால் ஆதரிக்க முடியவில்லை.

கேள்வி: இதெல்லாம் பொழுதுபோக்குக்குக் குதிரை வளர்க்கிறவர்களின் கவலை அல்லவா? வண்டி இழுத்துப் பிழைக்கிறவர் குடும்பத்தைப் பார்ப்பாரா, குதிரையின் மனநிலையைப் பார்ப்பாரா?

உலகில் வேலை செய்து மனிதருக்குச் சோறு போடும் குதிரை, கழுதை, கோவேறு கழுதைகள் சுமார் 10 கோடி இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். போட்டிக் குதிரைகளின் எண்ணிக்கை இதற்கு அருகில்கூட வராது. ஆகவே உங்கள் கேள்விதான் உண்மையில் பெரிய கேள்வி.

1930இல் கெய்ரோவுக்குச் சென்ற டொரத்தி புரூக் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, முதல் உலகப் போர் முடிந்ததும் படையினர் விற்றுவிட்டுப் போன குதிரைகள் எலும்பும் தோலுமாகத் தெருக்களில் பாரம் இழுப்பதைக் கண்டார். பத்திரிகையில் கடிதம் எழுதி நன்கொடை திரட்டி, அத்தகைய ஏறத்தாழ 5,000 குதிரைகளை விலைகொடுத்து மீட்டார். விலைக்கு வாங்கிக்கொண்டே இருந்தால் முடிவு வராது என்பது அவருக்குப் புரிந்திருந்தது. அதனால் 1934இல், உழைக்கும் குதிரைகளுக்கு இலவசமாக மருத்துவம் பார்க்கும் மருத்துவமனையை அங்கேயே தொடங்கினார். உரிமையாளரைக் குற்றவாளியாக நிறுத்தாமல் அவருக்குக் கைகொடுத்தால்தான் குதிரைக்கு நன்மை என்ற அந்த அணுகுமுறைதான் இன்றும் பலனளிக்கிறது. உலக விலங்கு சுகாதார அமைப்பும் 2016இல் உழைக்கும் குதிரையினங்களுக்கென்று தன் விதித்தொகுப்பில் தனி அத்தியாயம் சேர்த்தது.

ஏழை உரிமையாளருக்குச் சொல்லவேண்டியவை குறைவு. அவையும் அவர் வருமானத்துக்கு எதிரானவை அல்ல: கையெட்டும் இடத்தில் தண்ணீர், கழுத்தையும் தோளையும் அறுக்காத நுகப்பட்டை, முறையாகச் சீவிய குளம்பு, நடுப்பகலில் நிழல். புண்பட்ட தோளோடு குதிரை எத்தனை நாள் இழுக்கும் என்பது அவருக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் மனநிலை பற்றிப் பேசும் தகுதி, ஒரு பதக்கத்துக்காக வாயைக் கட்டி ஓட்டுபவருக்கு நிச்சயமாக இல்லை.

கேள்வி: அப்படியானால் நேர்மையாகச் சொல்லுங்கள், குதிரை ஏறுவதையே நிறுத்திவிட வேண்டுமா?

நிறுத்தவேண்டும் என்று வாதிடுபவர்களை நான் மதிக்கிறேன். குதிரை ஒருபோதும் ஒப்புதல் தர இயலாது என்ற அவர்கள் வாதத்துக்கு முழுமையான மறுப்பு என்னிடம் இல்லை. ஆனால் சவாரி நின்றால் குதிரைகள் சுதந்திரமாகத் திரியும் என்ற கற்பனை எனக்கு இல்லை. அவற்றுக்கு மேய நிலம் இல்லை. வேலை இல்லாத குதிரையை வைத்துக் காப்பவர்கள் மிகச் சிலரே. நலமாக வளர்ந்து, வலியின்றி, தன் கூட்டத்தோடு வாழும் குதிரை நாளில் சிறிது நேரம் மனிதனைச் சுமப்பதை என்னால் ஏற்க முடிகிறது. அந்த நிபந்தனைகள் நிறைவேறாதபோது ஏற்க முடியவில்லை.

சர்வதேசக் கூட்டமைப்பு 2022இல் அமைத்த நெறிமுறைக் குழு பல நாடுகளில் நடத்திய கருத்துக்கணிப்பில், பொதுமக்களில் மூன்றில் இரண்டு பங்கினர் போட்டிக் குதிரைகளின் நலன் குறித்துக் கவலை தெரிவித்தார்கள். 'விவரம் தெரியாதவர்கள்' என்று அவர்களை ஒதுக்குவது எளிது. ஆனால் குதிரையேற்றத்தில் உள்ளவர்களிடம் தனியே கேட்டபோதும் பெரும்பான்மையினர் நிலைமை மேம்படவேண்டும் என்றே சொன்னார்கள்.

மாற்றம் என்றால் எல்லாவற்றையும் இடிப்பது என்று அஞ்சவேண்டியதில்லை. குதிரைக்குச் சிவப்பும் ஆரஞ்சும் நம்மைப்போலத் தெரிவதில்லை, அதன் கண் நீலத்தையும் மஞ்சளையுமே நன்றாகப் பிரித்தறியும். பச்சைப் புல்லின் நடுவே, தாண்டும் தடைகளில் பொருத்திய ஆரஞ்சுக் கட்டை அதற்குத் தனித்துத் தெரியவில்லை என்று எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வு காட்டியதும், பிரிட்டனின் தடைதாண்டும் பந்தயங்களில் அந்தக் கட்டைகளை வெள்ளையாக மாற்றத் தொடங்கினார்கள். அங்கே புகழ்பெற்ற 'கிராண்ட் நேஷனல்' தடைதாண்டும் பந்தயத்தில் 2024இல் குதிரைகளின் எண்ணிக்கையை 40இலிருந்து 34ஆகக் குறைத்தார்கள். முதல் மாற்றத்துக்குப் பெரிய எதிர்ப்பு எழவில்லை. இரண்டாவதற்கு, மரபு அழிந்தது என்று ஒருசாராரும், இது போதாது என்று மறுசாராரும் கூச்சலிட்டார்கள். அந்தப் பந்தயத்தைப் பொறுத்தவரை நான் இரண்டாம் சாரார் பக்கம்.

கேள்வி: போட்டிக்கு முன் குதிரையின் மூக்கிலும் மோவாயிலும் உள்ள நீண்ட மயிர்களை மழிப்பது வழக்கம். இதிலுமா தவறு?

இதிலும்தான். வேர்ப்பகுதியில் நரம்புகள் செறிந்த அந்த மயிர்கள் தொடு உணர்வுக்கானவை. குதிரைக்குத் தன் மூக்கின் நேர் கீழே இருப்பது கண்ணுக்குத் தெரியாது. தொட்டியின் விளிம்பு எங்கே இருக்கிறது, உதட்டருகே இருப்பது புல்லா முள்ளா என்பதை இவற்றால்தான் அறிகிறது. ஜெர்மனியும் ஸ்விட்சர்லாந்தும் இவற்றை மழிப்பதைத் தடை செய்திருக்கின்றன. 2021 ஜூலை 1 முதல், உணர்மயிர் மழிக்கப்பட்ட குதிரைகள் சர்வதேசக் கூட்டமைப்பின் போட்டிகளில் இறங்க முடியாது. வலியைத் தடுப்பதற்காகக் கால்நடை மருத்துவர் குறிப்பிட்ட இடத்தில் நீக்கியிருந்தால் மட்டும் விலக்கு உண்டு.